கிள்ளானில் கேட்கப்படாத வினா

புக்கிட் காத்திலில் வார இறுதியில் நடைபெறும் இலக்கிய வகுப்பில் கொலைக்களக் காதையைப் பயிற்றி முடித்த நாளன்று, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, கோவலனை வெட்டிய காவலன் பிறகு என்ன ஆனான்?" என்று வினவினார். பல்லாண்டுகளாக இக்காப்பியத்தைப் பயிற்றிவரும் எமக்கு இவ்வினா ஒருநாளும் எழுந்ததில்லை. பாண்டியன் அரியணையிலேயே உயிர் துறந்தான், கோப்பெருந்தேவியும் உடன் மாய்ந்தாள், மதுரை எரியுண்டது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று உரைபெறு கட்டுரை கூறுகின்றது. வாளை வீசியவனைப் பற்றி மட்டும் இளங்கோவடிகள் அதன்பின் பேசவில்லை. "காப்பியம் அதனைச் சொல்லவில்லை" என்று விடையிறுத்து அமர்ந்தோம். அமர்ந்தோமேயன்றி, மனம் அமரவில்லை.

அம்மாணவர் அதனை ஏன் கேட்டார் என்பது வகுப்பிலிருந்த அனைவருக்கும் தெரிந்ததே. 2025 நவம்பர் 24ஆம் நாள், நம் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்த டுரியான் துங்காலில் இந்திய இளைஞர் மூவர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் தாக்க வந்தமையால் தற்காப்பின் பொருட்டுச் சுட நேர்ந்தது என்று காவல்துறை அறிவித்தது. குடும்பத்தாரும் அவர்தம் வழக்கறிஞரும் அவ்விளக்கத்தை ஏற்க மறுத்தனர். டிசம்பரில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அந்நிகழ்ச்சியைக் கொலைக்குற்றப் பிரிவாகிய 302இன்கீழ் விசாரிக்குமாறு பணித்தது. அதுபற்றித் தீர்ப்புரைப்பது எம் வேலையன்று. சான்றுகளைக் கண்ணுற்றவர் செய்யவேண்டிய வேலை அது. ஆனால், காவலர் ஒருவர் ஓர் உயிரைப் பறிப்பது எப்பொழுது நேரிது, எப்பொழுது கொடிது என்னும் பொதுவினாவுக்கு விடை தேட வரலாறு நமக்கு இடந்தருகின்றது. அதிலும் தோட்டப்புறத் தமிழராகிய நமக்கு அவ்வரலாறு ஏட்டளவில் நிற்பதன்று. நம் பாட்டன்மார் மேனியில் எழுதப்பட்டது.

மீண்டும் ஒருமுறை மதுரைக் காவலரிடம் செல்வோம். சிலம்பு அவன் கையில் இருப்பின் கொன்று கொணர்க என்பது அரசன் ஆணை. சென்றவர்கள் உடனே வெட்டிவிடவில்லை என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். கோவலனைக் கண்டதும் இவன் கள்வன் போலத் தோன்றவில்லையே என்று அவர்கள் தயங்கினர். பொற்கொல்லன் நகைத்து, கள்வர் கைக்கொள்ளும் மந்திரம், மருந்து, நிமித்தம் முதலிய எட்டினையும் எடுத்துரைத்தான். காவலருள் இளையோன் ஒருவன், முன்னொரு மழையிரவில் தன் வாளையே பற்றிப் பறித்துத் தப்பிய வேறொரு கள்வனின் கதையைச் சொன்னான். கொல்லாமற் போனால் அரசன் நம்மைத் தண்டிப்பான் என்னும் அச்சமும் சேர்ந்தது. அப்பொழுதுதான் கல்வியறிவில்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசினான்.

இவ்வுரையாடல் முழுவதையும் எண்ணிப் பாருங்கள். இவன் கள்வனா, அல்லனா என்பது ஒன்றே அங்கே ஆராயப்பட்டது. கையில் படைக்கலம் ஏதுமின்றி நிற்கும் ஒரு வணிகனை, அவன் கள்வனே ஆயினும், அக்கணத்தில் கொல்லவேண்டிய தேவை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனால் எவருடைய உயிருக்கு ஊறு நேரவிருந்தது? முன்பு தப்பிய ஒருவனின் குற்றம் இன்று அகப்பட்டவன் தலையில் இறங்கியது. 'எப்படிப்பட்ட மனிதன்' என்னும் வினா, 'என்ன செய்துகொண்டிருந்தான்' என்னும் வினாவை விழுங்கிவிட்டது. கொலைக்களக் காதையின் கொடுமை பொற்கொல்லனின் பொய்யில் மட்டும் இல்லை. இவ்விரு வினாக்களும் இடம் மாறியதிலும் இருக்கின்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் முன்னோர் காவலரை 'மாத்தாமாத்தா' என்றே அழைத்தனர். 'மாத்தா' என்பது மலாய் மொழியில் கண்ணைக் குறிக்கும். கண்ணாக இருந்து காப்பவர் என்னும் பொருள் நல்லதுதான். ஆயினும் ஆங்கிலேயர் தம் தாய்நாட்டில் வைத்த காவல்துறையும், குடியேற்ற நாடுகளில் வைத்த காவல்துறையும் ஒரே வார்ப்பில் வந்தவையல்ல. 1829இல் இலண்டனில் இராபர்ட் பீல் அமைத்த காவல்படையினர் தெருவில் நடந்தபொழுது அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. அடங்காத மக்களை அடக்குவதற்கென்று ஐயர்லாந்தில் அமைக்கப்பட்ட ஆயுதக் காவல்படையே குடியேற்ற நாடுகள் பலவற்றுக்கும் முன்மாதிரியாயிற்று.

சட்டமோ ஓரளவு சீராகவே எழுதப்பட்டிருந்தது. மெக்காலே வரைந்து 1860இல் இந்தியாவில் நிறைவேறிய தண்டனைச் சட்டம், மலாக்கா உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871இல் ஏறத்தாழ அதே வடிவில் வந்து சேர்ந்தது. இன்றும் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பேசுகின்றன. உயிருக்கோ உடலுக்கோ பெருங்கேடு நேரும் என்னும் நியாயமான அச்சம் இருந்தால், தாக்குவோனைக் கொல்லவும் 100ஆம் பிரிவு இடமளிக்கின்றது. ஆனால் அதற்கு முந்திய 99ஆம் பிரிவு, காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்று வேலியிடுகின்றது. கைது செய்வதுபற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15ஆம் பிரிவும், எதிர்ப்பவனை அடக்கத் தேவையான வழிகளையெல்லாம் கையாளலாம் என்று கூறிவிட்டு, மிகக் கடுந்தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவனைக் கொல்லும் உரிமையை இப்பிரிவு தராது என்று முடிக்கின்றது. மாட்டைத் திருடியவன் ஓடுகின்றான் என்பதற்காக அவனைச் சுட்டு வீழ்த்த இச்சட்டத்தில் இடமில்லை.

இவ்வேலி வெறும் எழுத்தா, உயிருள்ளதா என்னும் சோதனை 1919 ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரசில் வந்தது. ஜாலியன்வாலா பாக்கில் தளபதி டயரின் படையினர் 1650 முறை சுட்டனர். அரசு ஒப்புக்கொண்ட கணக்கின்படியே 379 பேர் மாண்டனர். எச்சரிக்கை செய்யாமல் சுட்டதையும், கூட்டம் கலைந்தோடத் தொடங்கிய பின்னரும் நிறுத்தாமல் சுட்டதையும் ஹண்டர் குழு கண்டித்தது. கூட்டத்தைக் கலைப்பது மட்டும் தம் நோக்கமன்று, பஞ்சாப் முழுவதற்கும் ஒரு பாடம் புகட்டுவதே நோக்கம் என்று டயரே அக்குழுவின்முன் வாக்குமூலம் அளித்தார். அவர் பதவியிழந்தார். ஒருவனைச் சுடுவதால் வேறொருவனுக்குப் பாடம் சொல்லக்கூடாது என்னும் நெறி இவ்வாறு ஆங்கிலேயரின் சொந்த ஆவணங்களிலேயே இடம்பெற்றது. இந்நெறி அவர்களுக்குத் தெரியாது என்று எவரும் கூறமுடியாது. கிள்ளானை ஆராயும்பொழுது இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

1941. ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. இரப்பரின் தேவை ஏறியது, விலையும் ஏறியது. பால்மரம் சீவிய தமிழரின் கூலியோ நாளொன்றுக்கு 50 காசு என்ற அளவிலேயே கிடந்தது. அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளர்கள் அதனினும் கூடுதலாகப் பெற்றனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் என்னும் அமைப்பு, தமிழ் நேசன் இதழில் துணையாசிரியராகப் பணியாற்றிய ஆர்.எச்.நாதனின் தலைமையில் தோட்டந்தோறும் கிளைத்தது. சம வேலைக்குச் சமக் கூலி என்பது முதற்கோரிக்கை. மற்றக் கோரிக்கைகளைப் படிக்கும்பொழுதுதான் அக்கால வாழ்வு கண்முன் நிற்கின்றது. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும். கள்ளுக்கடைகளை மூடவேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வியும், நோயுற்றவர்க்கு முறையான மருத்துவமும் வேண்டும். உறவினரும் நண்பரும் லயத்துக்கு வந்துபோகத் தடை கூடாது. பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்கவேண்டும். கொடிய கிராணிகளை நீக்கவேண்டும்.

இவற்றுள் எதுவும் அரசைக் கவிழ்க்கும் கோரிக்கையன்று. மிதிவண்டியில் அமர்ந்தபடி செல்லும் உரிமைக்கு ஒரு மனிதன் போராட நேர்ந்ததை இன்றைய மாணவர்கள் நம்பவே தயங்குவர். பழைய தோட்டத்தில் வளர்ந்த எம்மைப் போன்றோர்க்கு அதில் வியப்பில்லை. துரையின் வண்டி வரும் ஓசை கேட்டதும் பாதையோரம் ஒதுங்கித் தலைத்துண்டைக் கையிலெடுத்துக்கொண்ட முதியவர்களை நாங்கள் கண்டிருக்கின்றோம்.

ஆண்டின் முற்பகுதியில் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் தொடங்கின. ஏப்ரல் மாதத்தில் சிறு கூலியுயர்வுடன் ஒரு தணிவு ஏற்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தலைவனைப் பிடித்தால் கூட்டம் அடங்கும் என்று அரசு கணக்கிட்டது போலும். விளைந்ததோ அதற்கு மாறானது. கூலிக்காக நின்ற போராட்டம் நாதனின் விடுதலைக்காகவும் நின்றது. கிள்ளானைத் தாண்டிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. மே மாத நடுவில் சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. காவல்துறைக்குத் துணையாக இந்தியப் படையினர் இறக்கப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஏறத்தாழ 300 பேர் கைதாயினர். கைதானோருள் ஒரு சாரார் நாடு கடத்தப்பட்டனர். வேறு பலர் 'விரும்பித் திரும்புவோர்' என்னும் பெயரால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். தமிழரைச் சுடுவதற்கு இந்தியரின் கையையே ஆங்கிலேயர் பயன்படுத்தினர் என்பது இங்கே தனியே எண்ணி வருந்தத்தக்கது.

உயர் ஆணையராகிய சர் ஷென்டன் தாமசின் அரசு இதற்குக் கூறிய காரணம், வேலைநிறுத்தம் தொழில்தகராறு என்னும் நிலையைக் கடந்து அரசியல் கலகமாகிவிட்டது என்பதாகும். போர்க்காலத்தில் இரப்பர் உற்பத்தி தடைப்படுவதை அரசு அஞ்சியதும் உண்மையே. தொழிலாளர் அனைவரும் கைகட்டி நின்றனர் என்று நாம் சாதிக்க வேண்டியதில்லை. கம்பும் கல்லும் கொண்ட கூட்டங்கள் இருந்தன. ஆயினும், கூட்டத்தின் இயல்பு எத்தகையது, அதன் பின்னே எவர் இருந்தனர், அதன் நோக்கம் அரசியலா பொருளியலா என்பனவே இக்காரணத்தில் பேசப்படுகின்றன. கள்வர் கைக்கொள்ளும் எட்டினைப் பற்றிப் பொற்கொல்லன் ஆற்றிய சொற்பொழிவை இது நினைவூட்டுகின்றது. சுடப்பட்ட ஐவரும், சுடப்பட்ட அக்கணத்தில், யாருடைய உயிரைப் பறிக்க இருந்தனர்? சுடாதிருந்தால் எந்த உயிர் போயிருக்கும்? இவ்வினாவை, சுட்டவரையும் சுடச் சொன்னவரையும் சாராத ஒரு குழு அமர்ந்து, தொழிலாளரையும் சாட்சிகளாக அழைத்துக் கேட்டிருக்கவேண்டும். அமிர்தசரசுக்கு ஒரு ஹண்டர் குழு அமைந்தது. கிள்ளானுக்கு அப்படியொன்று அமையவில்லை. ஏழே மாதங்களில் சப்பானியர் கோத்தா பாருவில் வந்திறங்கினர். உற்பத்தி நிற்கும் என்றஞ்சி ஐவரைச் சுட்ட அரசு, எழுபது நாள்களில் நாட்டையே விட்டுவிட்டுச் சென்றது. தோட்டத்து இளைஞர்கள் பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் திரளாகச் சேர்ந்ததற்குக் கிள்ளானின் வடுவும் ஒரு காரணம் என்று எண்ண இடமிருக்கின்றது.

ஆங்கிலேயர் 1945இல் திரும்பினர். 1947இல் கெடாவில் பழைய கதை மீண்டது. ஹார்வார்ட் தோட்டத்து ஏ.எம்.சாமி தோற்றுவித்த தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தனர். பீடோங்கில் காவல்துறையின் தடியடிக்குப்பின் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு ஓர் உயிரைக் குடித்தது. கள் வேண்டாம் என்றவர்களுக்குக் கிடைத்த பரிசு இது!

காவலரின் துப்பாக்கி எப்பொழுதும் கொடியது என்று இதனால் முடிவு கட்டினால் நாமும் பொற்கொல்லன் செய்த பிழையையே செய்தவராவோம். மலாக்காவுக்கு அண்மையில், மூவார் ஆற்றங்கரையில் புக்கிட் கெப்போங் இருக்கின்றது. 1950 பிப்ரவரி 23ஆம் நாள் விடியுமுன் கம்யூனிஸ்டுப் படையினர் அங்கிருந்த காவல்நிலையத்தைச் சூழ்ந்து தாக்கினர். உள்ளே காவலரோடு அவர்தம் மனைவியரும் பிள்ளைகளும் இருந்தனர். சரணடைய மறுத்து அக்காவலர்கள் மணிக்கணக்கில் திருப்பிச் சுட்டனர், நிலையம் எரிந்தது, காவலரும் குடும்பத்தாரும் மாண்டனர். அங்கே சுடப்பட்ட ஒவ்வொரு குண்டுக்கும் நியாயம் இருந்தது. தாக்கியவர் கம்யூனிஸ்டுகள் என்பது அந்நியாயத்தின் அடிப்படையன்று. அவர்கள் அக்கணத்தில் சுட்டுக்கொண்டிருந்தனர், எரித்துக்கொண்டிருந்தனர், வேறு வழியில்லை. அதே கம்யூனிஸ்டு ஒருவன் படைக்கலத்தைக் கீழே போட்டுக் கையுயர்த்தி நின்றிருந்தால் அந்நியாயம் அந்த நொடியிலேயே முடிந்திருக்கும்.

புக்கிட் கெப்போங்குக்கு ஓராண்டுக்குச் சற்று முன்னர் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில், ஓர் இரப்பர்த் தோட்டத்தில், சீனத் தொழிலாளர் 24 பேரை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்றபொழுது சுடப்பட்டனர் என்று அரசு அறிவித்தது. அவர்களிடம் படைக்கலம் இல்லை. அதன்பின் நடந்ததுதான் மாணவர்கள் ஊன்றிக் கற்கவேண்டியது. 1949 சனவரியில் 27அ என்னும் நெருக்கடிக்கால விதி இயற்றப்பட்டது. தப்பியோடுவதைத் தடுக்க உயிர்போக்கும் வன்மையைக் கையாளலாம் என்று கூறிய அவ்விதி, முன்னரே நடந்தவற்றுக்கும் செல்லும் என்று ஆக்கப்பட்டது. அதாவது, குண்டு முதலில் பாய்ந்தது. சட்டம் பின்னர் ஓடிவந்தது. மாண்டோரின் மக்கள் 2015 வரை இலண்டன் நீதிமன்றங்களின் படியேறினர். பொதுவிசாரணைக்கு ஆணையிட அங்குள்ள உச்சநீதிமன்றமும் மறுத்துவிட்டது.

இந்நிகழ்ச்சிகளையெல்லாம் அடுக்கிப் பார்த்த பின் எமக்குத் தோன்றுவது இதுவே. சுடுவதன் நியாயம் மனிதனைப் பற்றியதன்று, கணத்தைப் பற்றியது. அவன் குற்றப்பதிவுடையவனா, குண்டர் கும்பலைச் சேர்ந்தவனா என்பன நீதிமன்றம் ஆராய்ந்து தண்டிக்கவேண்டியவை. திருவள்ளுவர் அரசியலில் 'வெருவந்த செய்யாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஆராய்ந்து குற்றத்துக்கு ஏற்றவாறு ஒறுப்பதையே வேந்தின் தொழிலாக வைத்தார். காவலன் வேந்தனல்லன், நடுவனும் அல்லன். 1990இல் ஹவானாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்ற அடிப்படை நெறிகளும் இதனையே கூறுகின்றன: உயிரைக் காக்க வேறு வழி அறவே இல்லாதபொழுது மட்டுமே வேண்டுமென்றே உயிர்போக்கும் வகையில் சுடலாம்.

அக்கணம் எத்தகையது என்பதைச் சுட்டவர் மட்டுமே சாட்சியாக நின்று சொல்வதில் இன்னோர் இடர் இருக்கின்றது. மாண்டவர் பேசமாட்டார். ஆகவேதான் விசாரணை வேற்றுக் கைகளில் இருக்கவேண்டும் என்கின்றோம். 2005இல் துன் முகமது டைடின் தலைமையிலான அரச ஆணையம், காவல்துறை மீதான முறையீடுகளை விசாரிக்கத் தனித்தியங்கும் ஆணையம் ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. நெடுங்காலம் கழித்து, அதனினும் அதிகாரம் குறைந்த ஓர் ஆணையம் 2023 சூலையில் செயற்படத் தொடங்கியது. துப்பாக்கியை எப்பொழுது எடுக்கலாம் என்று காவலர்க்கு வழிகாட்டும் நிலையாணைகளோ பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படுவதில்லை. தன்னை எப்பொழுது சுடலாம் என்னும் விதியைக் குடிமகன் படிக்க இயலாதிருப்பது எமக்கு விந்தையாகவே படுகின்றது.

விசாரணை நடந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 2010இல் ஷா ஆலத்தில் காரோட்டிச் சென்ற பள்ளி மாணவன் ஒருவன் காவலரின் குண்டுக்கு இரையானான். சுட்ட காவலருக்கு 2011இல் கீழ்நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2012இல் உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. முடிவு எதுவாயினும், வினா திறந்த மன்றத்தில் கேட்கப்பட்டது, இருதரப்பும் கேட்டது, நாடும் கேட்டது. தமிழ்நாட்டில் 2018 மே 22ஆம் நாள் தூத்துக்குடியில் ஆலை எதிர்ப்பு ஊர்வலத்தினர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி, நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் சாட்சிகளை அழைத்து ஆராய்ந்தது. அச்சூடு தேவையற்றது என்னும் அதன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. கிள்ளானில் மாண்ட ஐவர்க்குக் கிட்டாதது இதுதான். அவர்கள் ஆயுதம் ஏந்தியிருந்தனரா, ஓடிக்கொண்டிருந்தனரா, நெஞ்சில் சுடப்பட்டனரா, முதுகில் சுடப்பட்டனரா என்று ஒரு மன்றமும் திறந்த அவையில் வினவவில்லை.

கண்ணகி பாண்டியன் அவையில் செய்ததும் அத்தகைய ஒரு விசாரணையே என்பதை அடுத்த வாரம் அம்மாணவரிடம் கூறினோம். அவள் தன் கணவன் நல்லவன் என்று மட்டும் வாதிடவில்லை, சான்றைக் கேட்டாள். சிலம்பு உடைக்கப்பட்டது, முத்து வரவில்லை, மாணிக்கம் தெறித்தது. அரசன் தன் பிழையை அவையோர் அறிய ஒப்புக்கொண்டான். மாணவர் சற்று நேரம் எண்ணிவிட்டு, "ஆனாலும் அந்தக் காவலனை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லையே, ஐயா" என்றார். இல்லை, கேட்கவில்லை என்றோம். வழக்குரை காதையை அன்று அதற்கு மேல் நடத்த முடியவில்லை. மழை வேறு வந்துவிட்டது. டுரியான் துங்கால் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் மூவரை அழைத்துச்செல்லப் பெற்றோர் வாசலில் குடையுடன் காத்திருந்தனர்.